பின்னால் வந்த ஆள்

மாதையன் யாரையும் லேசில் நம்பாத ஆள். காவலூரில் தன் பின்வீட்டை ஹனாவுக்கு வாடகைக்கு விட்டபோதுகூட, "எத்தியோப்பியான்னா எந்தப் பக்கம்? அங்க இன்னா தப்பு பண்ணிட்டு வந்துச்சோ" என்று பெண்டாட்டி ராணியம்மாளிடம் முனகினார். ஹனா நட்சத்திரம் பார்க்கும் கூடத்தில் ஆராய்ச்சி செய்ய வந்தவள். வேலூரில் படித்ததால் அரைகுறைத் தமிழ் வரும்.

நம்பாதது வேறு, காவல் வேறு. நாவல் பழுத்தால் கரடி இறங்கும். அந்தச் சமயத்தில் பெண்பிள்ளை காட்டோரம் நடந்தால், வீட்டு ஆம்பளை கொடுவாளோடு கொஞ்சம் தள்ளிப் பின்னால் போவான். பேச மாட்டான். பேசினால் புதரின் சலசலப்பு காதில் விழாது. அதனால் பொழுது சாய்ந்து ஹனா வேலைக்குக் கிளம்பினால் மாதையனும் கிளம்புவார். கூடத்துக் கேட்டில் அவள் நுழைந்ததும் திரும்பிவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை களி கிளறிக்கொண்டே ராணியம்மாள் சொன்னாள்: "யோவ், அந்தப் பொண்ணு வூட்ட காலி பண்ணுது. திருப்பத்தூர்ல ரூம் பாத்துடுச்சாம்."

"ஏனாம்? கூரை ஒழுவுதா?"

"ஒரு ஆளு கத்தி எடுத்துனு தெனமும் பின்னாலயே வர்றானாம். திரும்பிப் பாத்தா நின்னுடறானாம். தலையில துண்டு கட்டினு இருக்கானாம், மூஞ்சி தெரியலயாம். பயத்துல தூக்கமே இல்லியாம்."

"நான்தான்னு நீ சொல்லல?"

"எனக்கு சிரிப்பு தாங்கல. நீயே போய் சொல்லு."

"காவலுக்குப் போனா நான் திருடனா?" என்று மாதையன் குதித்தார். அப்புறம் குடகு ஞாபகம் வந்தது. அங்கே காப்பித் தோட்டத்து வேலைக்குப் போயிருந்தபோது, மேஸ்திரி பின்னால் நடந்தாலே முதுகு கூசும். இங்கே அப்படிக் கூசியதே இல்லை. நம்ம ஊருக்குப் பயந்து ஒருத்தி ஓடுவதா? எழுந்து போய்க் கதவைத் தட்டினார்.

சங்கிலி போட்ட கதவு ஒரு விரல் அகலம் திறந்தது.

"பாப்பா, அந்தக் கத்திக்காரன் நான்தான்."

"ஐயா! நீங்களா? ஏன்?"

"கரடி வரும்."

ஹனாவுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. சங்கிலியை எடுத்தாள். "எங்க ஊர்ல ராத்திரி கழுதைப்புலி தெருவுக்கு வரும் ஐயா. அதுக்கு எனக்கு பயம் இல்ல. பின்னால வர்ற ஆம்பளைக்குத்தான் பயம். வெளிநாட்டுல இன்னும் பயம். கத்தினா யார் வருவாங்கன்னு தெரியாது."

"நான் வருவேன்."

"அது எனக்கு எப்படித் தெரியும்? நீங்க பேசவே இல்லையே!"

மாதையன் தலையைச் சொறிந்தார். "இப்ப இன்னா பண்ணணும்ன்ற?"

"முன்னால நடங்க. துண்டு வேண்டாம்."

"நான் முன்னால போனா, நீ பின்னால வர்றியா இல்லியான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"பேசிக்கிட்டே வர்றேன்."

மறுநாள் மாலை அவர் முன்னால் போனார். பின்னால் அவள் தன் தம்பி கல்யாணத்தில் நடந்த சண்டையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். பாதிதான் புரிந்தது. என்றாலும் நன்றாகவே இருந்தது.

"திருப்பத்தூர் ரூமு இன்னா ஆச்சு?" என்றார், திரும்பாமலே.

"வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"அங்க தெருவுல லைட்டெல்லாம் இருக்குமே?"

"இருக்கும். நீங்க வேகமா நடங்க ஐயா, எனக்கு நேரமாச்சு."