ஓடாத கிலோமீட்டர்கள்

அப்பா மூன்றாவது முறையாக வண்டியின் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினார். டிக் என்ற சத்தம் மட்டும் வந்தது. பின்சீட்டில் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அடுத்த வலி வந்தபோது அவள் நகம் இறங்கியது.

போன பிரசவத்துக்குப் போகும்போது எங்கள் பழைய வண்டி பாலத்து நடுவில் நின்றுபோய், அக்கா வெறுங்கையோடு வீடு திரும்பினாள். அதற்குப் பிறகுதான் அப்பா இந்தப் புது வண்டியை மூன்று வருடக் குத்தகைக்கு எடுத்தார். அவர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். வீட்டுக்கு யார் வந்தாலும் வாசலிலேயே நிறுத்தி வண்டியைக் காட்டுவார்.

"சொந்தமா வாங்கினா அதுகூடச் சேர்ந்து நாமளும் கிழடாகணும். இதுல ரிப்பேர்னா அவங்க தலைவலி. மூணு வருஷம் முடிஞ்சா சாவியக் குடுத்துட்டு இன்னொரு புதுசு."

"மாப்பிள்ளையப் பத்திகூட இப்படிப் பேசினதில்ல," என்பாள் அம்மா.

ஆனால் வருடத்துக்கு இத்தனை கிலோமீட்டர்தான் ஓட்டலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. அப்பாவைப் பிடித்து ஆட்ட அது போதும். காய்கறிக்கு நடந்தோம். பரிசோதனைக்கு அக்கா வயிற்றைத் தாங்கிக்கொண்டு பேருந்தில் ஏறினாள். "அன்னிக்கு ஒரு நாளைக்கு வேணும்மா, சேர்த்து வைப்போம்," என்றார். கிலோமீட்டரைச் சேர்த்து வைத்த ஒரே குடும்பம் நாங்களாகத்தான் இருக்கும்.

மூன்று வாரமாக வண்டி அசையவில்லை. பள்ளியை விட்டு நின்ற பிறகு, கதவைச் சாத்திக்கொள்ள எனக்கென்று ஓர் இடம் கிடையாது. மதியம் எல்லோரும் கண்ணயர்ந்ததும் சாவியை எடுத்துக்கொண்டு அதில் போய் உட்காருவேன். என்ஜினைத் தொடமாட்டேன். ரேடியோ மட்டும், மெதுவாக. நேற்றும் கேட்டேன்.

"ஓட்டாம வெச்சு நானே பேட்டரியக் கொன்னுட்டேன்," என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். நான் வாயைத் திறந்தேன். அக்கா முனகினாள். மூடிக்கொண்டேன்.

குத்தகை நிறுவனத்துக்குப் போன் போட்டால், ஆள் வர நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். எதிர்வீட்டுச் சலவைக்கடைக்காரர் ஓடி வந்தார். "என் வேன்லருந்து கேபிள் போட்டு எடுத்துடலாமே?"

"அவங்க ஆளத் தவிர யாரும் தொடக்கூடாது. ஒப்பந்தத்துல இருக்கு."

"ஒப்பந்தத்தக் கொண்டுபோய் அடுப்புல போடுங்க!" என்று அம்மா கத்தினாள். "வேன்ல ஏத்துங்க அவள."

சலவைக்கடைக்காரர் மூட்டைகளை ஒதுக்கினார். "படுத்துக்கம்மா. எல்லாம் வெளுத்த துணிதான், மெத்துமெத்துன்னு இருக்கும்." அந்த வலியிலும் அக்கா சிரிக்கப் பார்த்தாள். அப்பா சாவியையும் அம்மாவின் போனையும் என் கையில் திணித்தார். "ஆள் வந்தா சரிபண்ணி வைக்கச் சொல்லு. போனதும் பேசறேன்." அவரும் அம்மாவும் ஏறிக்கொள்ள வேன் கிளம்பியது.

ஆஸ்பத்திரி இருபது நிமிட தூரம்தான். மெக்கானிக் வந்து சேர ஐம்பது நிமிடம் ஆயிற்று. அதுவரை போன் அடிக்கவில்லை.

அவர் கேபிளை மாட்டி என்னைப் பொத்தானை அழுத்தச் சொன்னார். என்ஜின் உடனே உறுமியது.

"புத்தம்புது வண்டி, எப்படிம்மா படுத்துச்சு?"

"நான் ரேடியோ கேட்டேன்." முன்பின் தெரியாத ஒருவரிடம் அது எத்தனை சுலபமாக வந்துவிட்டது.

அவர் குனிந்து மீட்டரைப் பார்த்தார். "இது ஓடவே இல்லையே. எதனாலன்னு நான் எப்படிச் சொல்ல? அரை மணி நேரம் அணைக்காதீங்க."

அவர் போய்விட்டார். ஓட்டத் தெரியாத நான் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துச் சீட்டில் போன் ஒளிர்ந்தது. அப்பா. ஒவ்வோர் அதிர்வுக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து சீட்டின் விளிம்புக்கு வந்துகொண்டிருந்தது.