ஒரு வயது கூடுதல்

ஃபேன் மனிதருக்கா, மெசினுக்கா என்பதுதான் அன்று காலை நடந்த சண்டை. கம்பம் மெயின் ரோட்டில், மருந்துக்கடைக்கு மேல் மாடியில், தகரக் கூரைக்குக் கீழே அவர்களுடைய கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. மார்கழியிலும் பத்து மணிக்கு மேல் கூரை காயும். விஜயபாண்டி உள்ளே வந்ததும் டேபிள் ஃபேனை மெசினின் முதுகுப் பக்கம் திருப்பி வைப்பான். அவன் அந்தப் பக்கம் போனதும் அவன் மனைவி சொர்ணலதா அதை டைப்பிங் படிக்கும் பெண்கள் பக்கம் திருப்பி வைப்பாள்.

"புது ஹார்டு டிஸ்க்கு, லதா. சூடாச்சுன்னா போயிரும்."

"இங்கன உக்காந்திருக்கிற பிள்ளைக சூடானா?"

"அதுக வீட்டுக்குப் போயி மோர் குடிச்சுக்கிரும். இது எங்கன போயி மோர் குடிக்கும்?"

பெண்கள் சிரித்தார்கள். ஃபேன் மெசினுக்கே போனது. லோயர் கேம்ப்பில் ஒருவர் வீட்டுக் கம்ப்யூட்டர் கிளம்பவில்லை என்று ஆள் வந்திருந்தது. பைக் சாவியை எடுத்துக்கொண்டு, "அந்த டாக்குமென்டேசன் சிடிய எடுத்து வையி. இப்பத்தான் இடம் இருக்குல்ல. வந்து போட்டுருவோம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான். கூடலூரைத் தாண்டியதும் ஒரு லாரி எதிரே வந்தது. அவன் வந்து போடவில்லை.

இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டின் கடைசி வாரம் அது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் சொர்ணலதா சென்டரைத் திறந்தாள். வீட்டில் உட்கார்ந்திருப்பதைவிட இங்கே உட்கார்ந்திருப்பது சுலபமாக இருந்தது. மாமியார் பொன்னாத்தாளும் கூடவே வந்து நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டார். வீட்டில் தனியாக இருக்க அவருக்கும் முடியவில்லை. ஆனால் மருமகளுக்குத் துணையாக வந்ததாகத்தான் சொல்லிக்கொண்டார்.

அன்றைக்கே விஜயபாண்டியின் அண்ணன் சுருளிராஜனும் வந்தார். காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர். நல்ல மனுசர், ஆனால் எதையும் பழுப்பதற்குள் பறித்துவிட வேண்டும் என்று நினைப்பவர்.

"லதா, தேனியில ஒருத்தரு மெசினையெல்லாம் மொத்தமா எடுத்துக்கிறேன்னு சொல்றாக. வெள்ளிக்கிழமை லோடு ஆட்டோ வருது. புரோகிராம் எழுதுறவன் போயிட்டான். டைப்பிங்க மட்டும் வச்சுக்கிட்டு நீ என்னத்தப் பாப்ப?"

அவள் பதில் சொல்வதற்குள் படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. திருமணத் தகவல் நிலையம் நடத்தும் தவசி மூச்சு வாங்க வந்து நின்றார். அவருடைய நிலையத்துக்கு விஜயபாண்டி டிசம்பரில்தான் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தான். பெண், மாப்பிள்ளை விவரங்களைப் பதிந்து வைத்தால், பிறந்த தேதியிலிருந்து வயதைத் தானே கணக்குப் போட்டு அச்சடித்துக் கொடுக்கும்.

"தங்கச்சி, துக்க வீட்டுல வந்து கேக்க மனசில்லாமத்தான் இத்தன நாளு பொறுத்தேன். வருசம் பிறந்தன்னைக்கு என்கிட்ட இருக்கிற அம்புட்டுப் பொண்ணுகளுக்கும் ஒரே ராத்திரியில ஒரு வயசு கூடிப்போச்சு."

"எல்லாருக்கும் வருசத்துக்கு ஒரு வயசு கூடத்தானய்யா செய்யும்?" என்றார் சுருளிராஜன்.

"அவகவுக பிறந்தநாளைக்குக் கூடட்டும். ஆவணியில பிறந்த பொண்ணுக்கு மார்கழியிலயே கூட்டுனா எப்படி? சங்கிலியம்மா மக ஓவியாவுக்கு இருபத்தஞ்சுதான் ஆகுது. இருபத்தாறுன்னு அடிச்சு மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருச்சு. அந்தம்மா என் கடை வாசல்ல நின்னு, 'எம்மகளுக்கு வயசு வச்சது நானா, ஒன் டப்பாவா'ங்குது. மாப்பிள்ளை வீட்டுக்காரக வெள்ளிக்கிழமை வாறாக. அதுக்குள்ள இது சரியாகலைன்னா நான் பழையபடி அட்டையில எழுதிக்கிறேன். வேற யாருக்கும் இத நல்லாயிருக்குன்னு சொல்லவும் மாட்டேன்."

அவர் போனதும் சுருளிராஜன் சொர்ணலதாவைப் பார்த்தார். நான் சொன்னது சரிதானே என்று அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்கத்தான்" என்றாள் சொர்ணலதா. "சரியாயிருச்சுன்னா சென்டர் இங்கனயே இருக்கட்டும். ஆகலைன்னா நானே மெசினக் கழட்டிக் குடுக்குறேன்."

புரோகிராமைத் திறந்து பார்த்தாள். அவன் எழுதிய வரிகள் அவளுக்கு முற்றிலும் புதிதல்ல. எத்தனையோ முறை பக்கத்தில் உட்கார்ந்து அவன் சொல்லச் சொல்ல அடித்திருக்கிறாள். வயதைக் கணக்கிடும் இடத்தில் இரண்டு தேதிகளுக்கு இடையே எத்தனை ஆண்டு என்று கேட்கும் ஒரே ஒரு கட்டளைதான் இருந்தது. பார்க்கச் சரியாகத்தான் தெரிந்தது. அந்தக் கட்டளை உண்மையில் எதை எண்ணுகிறது என்று யாராவது சொன்னால் தேவலை. சொல்லக்கூடியவன் சுவரில் படமாக இருந்தான்.

அப்போதுதான் அந்த சிடிகள் ஞாபகம் வந்தன. மதுரையில் வாங்கிவந்தவை. புரோகிராம் எழுதுகிறவர்களுக்கான புத்தகங்கள் அத்தனையும் அந்த இரண்டு வட்டத்துக்குள் இருக்கின்றன என்று அவன் பெருமையடித்திருக்கிறான். சும்மா திறந்தால் படிக்க முடியாது; கூடவே வரும் வியூவரை முதலில் மெசினில் ஏற்ற வேண்டும். பழைய ஹார்டு டிஸ்க்கில் இடம் போதாமல் அலமாரியிலேயே கிடந்தன.

மறுநாள் காலை முதல் சிடியைப் போட்டாள். அது நேராக வேலையைத் தொடங்கவில்லை. முதலில் பிரவுசர் பழசாக இருக்கிறது, புதிதாக்கு என்றது. ஆக்கினாள். மெசினை அணைத்துப் போடு என்றது. போட்டாள். ஒப்பந்தத்தைப் படித்துச் சம்மதம் சொல் என்றது. படிக்காமலே சம்மதித்தாள்.

"கலியாணத்துக்குக்கூட இம்புட்டு சம்மதம் கேக்க மாட்டாக" என்றார் பொன்னாத்தாள்.

நீலப்பட்டை மெல்ல வளர்ந்தது. பாதியை நெருங்கும்போது சிடி டிரைவ் உறுமியது. பட்டை நின்றது. இந்தக் கோப்பைப் படிக்க முடியவில்லை, மறுபடி முயலவா என்று ஒரு பெட்டி வந்தது. மறுபடி என்று அமுக்கினாள். மறுபடி உறுமியது. என்ன ஆயிற்று என்று பார்த்துவிட்டுப் போக வந்திருந்த சுருளிராஜன், "மேகமலை ஏத்தத்துல லாரி தெணறுற மாதிரியில்ல தெணறுது" என்றார்.

சொர்ணலதா சிடியை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். மினுமினுப்பான பக்கத்தில், காய்ந்து வெடித்த சந்தனம், நடுவில் குங்குமம். அழகான பொட்டு. இரண்டாவது சிடியிலும் அதே இடத்தில் அதே பொட்டு.

மூவரும் சிடியைப் பார்த்தார்கள். பிறகு இருவர் பொன்னாத்தாளைப் பார்த்தார்கள்.

"என்னைய எதுக்குப் பாக்குறீக? ஆயுத பூசைக்கு எல்லாத்துக்கும்தான் வச்சேன். மெசினுக்கு, ஃபேனுக்கு, தட்டச்சு மெசினுக்கு. இதுக்கு மட்டும் வைக்காம விட்டா சாமி கேக்காதா?"

"பொட்ட எழுத்து இருக்கிற பக்கம் வைக்கக்கூடாதா, ஆத்தா?" என்றார் சுருளிராஜன்.

"எழுத்துப் பக்கம் எப்படிடா வைக்கிறது? அது சரசுவதில்ல. எழுத்த மறைக்கக் கூடாதுன்னுதான் வெறும் பக்கமா பாத்து வச்சேன்."

சுருளிராஜன் தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார். அவர் முதுகு குலுங்கியது. சொர்ணலதாவும் சிரித்துவிட்டாள். அந்த மாதத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல்முறை. சிரித்த பிறகுதான் அது அவளுக்கே தெரிந்தது. தப்பாகிவிடுமோ என்று மாமியாரைப் பார்த்தாள். பொன்னாத்தாளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

"சரி, அழிச்சு விடுங்கத்தை."

பொன்னாத்தாளின் சிரிப்பு நின்றது. "நான் அழிக்க மாட்டேன். இந்த வீட்டுல ஒரு பொட்ட அழிச்சது போதும்."

கீழே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. சொர்ணலதா மாமியார் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அழிக்க வேண்டாம், அத்தை. கழுவுவோம். ஒங்க மகன் போடணும்னு எடுத்து வைக்கச் சொன்ன சிடி இது."

பொன்னாத்தாள் எழுந்தார். குடத்துத் தண்ணீரில் விரலை நனைத்து, பச்சைப்பிள்ளைக்குக் கண்ணோரம் துடைப்பதுபோல் சந்தனத்தை ஊறவைத்து ஊறவைத்து எடுத்தார். சேலைத் தலைப்பால் ஒற்றினார். "கீறல் விழுகுமா?" என்று கேட்டுக் கேட்டுச் செய்தார். விழவில்லை.

இந்த முறை பட்டை பாதியைத் தாண்டியது. இரண்டாவது சிடியைப் போடு என்றது, போட்டாள். கடைசியில் வியூவர் திறந்தது. இடப்பக்கம் தலைப்புகள் கிளைகிளையாய் இறங்கின. ஒன்றை அமுக்கினால் வலப்பக்கம் பக்கம் விரிந்தது.

"இதுல எம்புட்டுப் புத்தகம் இருக்கு?" என்றார் சுருளிராஜன்.

"இந்த மாடி கொள்ளாது, அத்தான்."

தேடுமிடத்தில் தேதி என்று ஆங்கிலத்தில் அடித்தாள். நூற்றுக்கணக்கில் வந்து கொட்டியது. இது சரிப்படாது என்று அகரவரிசைப் பட்டியலுக்குப் போய், அவன் எழுதியிருந்த கட்டளையின் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். அடிக்க அடிக்கப் பட்டியல் தானே நகர்ந்து அந்தப் பெயரில் வந்து நின்றது. பக்கத்தைத் திறந்து ஆங்கிலத்தை மெல்ல வாசித்தாள். அந்தப் பக்கத்தின் கடைசியில் ஒரு குறிப்பு இருந்தது: டிசம்பர் முப்பத்தொன்றுக்கும் அடுத்த ஜனவரி ஒன்றுக்கும் இடையே ஆண்டு எத்தனை என்று கேட்டால், போனது ஒரே நாளானாலும், விடை ஒன்று என்றே வரும்.

அவ்வளவுதான் விஷயம். கட்டளை எண்ணியது கழிந்த ஆண்டை அல்ல, மாறிய ஆண்டை. விஜயபாண்டி டிசம்பரில் எழுதியவன். அந்த மாதத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் பிறந்தநாளைக் கடந்திருப்பார்கள், தப்பு தலைகாட்டவில்லை. ஒரு நாளை ஒரு வருஷமாக எண்ணும் பழக்கம் மெசினுக்கு மட்டும் உரியதல்ல என்று சொர்ணலதாவுக்குத் தெரியும். அதனால் அதன்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை.

இந்த ஆண்டின் பிறந்தநாள் இன்னும் வரவில்லை என்றால் ஒன்றைக் கழி என்று ஒரு வரி சேர்த்தாள். தன் பிறந்த தேதியைக் கொடுத்துப் பார்த்தாள். சரியாக வந்தது. மாமியாரின் பிறந்த தேதி யாருக்கும் தெரியாததால் அதைச் சோதிக்க முடியவில்லை.

"வாய்க்கா வெட்டுன வருசம்னு போடு, அது கண்டுபிடிக்குதா பாப்போம்" என்றார் பொன்னாத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஃப்ளாப்பியோடு தவசியின் நிலையத்துக்குப் போனாள். வாசலில் சங்கிலியம்மாள் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். ஓவியாவின் தாள் அச்சாகி வந்தது. வயது இருபத்தைந்து. சங்கிலியம்மாள் அதை வாங்கித் தூரத்தில் பிடித்துப் படித்தார்.

"இப்பத்தான் எம்மக" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னும் ஒண்ணு குறைக்க முடியுமாத்தா?" என்று கேட்டார்.

"அதுக்கு வேற சிடி வாங்கணும்" என்றார் தவசி.

சொர்ணலதா திரும்பி வந்தபோது மருந்துக்கடை முன்னால் லோடு ஆட்டோ நின்றது. தவசி அதற்குள் போனில் சொல்லியிருந்தார். சுருளிராஜன் டிரைவரிடம், "மெசின் ஒண்ணும் இல்லப்பா. வந்தது வந்துட்ட, தோட்டத்துல திராட்சைப் பெட்டி கிடக்கு, அத ஏத்திட்டுப் போ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மேலே வந்து தன் மகளை டைப்பிங் வகுப்பில் சேர்க்கப் பெயர் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று மாலை, பெண்கள் போன பிறகு, சோதித்துப் பார்க்கும் சின்னப் பெட்டியில் அவள் இன்னும் இரண்டு தேதிகளைக் கொடுத்தாள். ஒன்று விஜயபாண்டி பிறந்த தேதி, டிசம்பர் முப்பது. மற்றது அவன் படியிறங்கிப் போன தேதி, டிசம்பர் இருபத்தெட்டு. பழைய கட்டளை முப்பத்து மூன்று என்றது. அவள் எழுதிய வரி முப்பத்திரண்டு என்றது.

அதன் பிறகு எத்தனையோ மெசின்கள் மாறின. தவசி கொண்டுவந்துவிட்ட ஆட்களுக்கு அவள் எத்தனையோ புரோகிராம்கள் எழுதினாள். வயதுக் கணக்கு வரும் இடங்களில் எல்லாம் முதலில் அந்த இரண்டு தேதிகளைத்தான் கொடுத்துப் பார்ப்பாள். விடை முப்பத்திரண்டு.