சவரிநாதன் மென்று தின்ற கதை

1

இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. ராயபுரத்தில் புதிதாய் முளைத்த ஆரோக்கிய சபையின் காரியதரிசி வந்து, "வயிற்று நோய் வராமல் தடுக்க ஜனங்களுக்கு ஒரு கதை வேண்டும். மென்று தின்ன வேண்டும், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும். நீதி அவ்வளவுதான்" என்றார். நீதியைக் கையில் கொடுத்துவிட்டுக் கதை கேட்பவரை என்ன செய்வது? ஒப்புக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: "வங்கக் கடலில் சூரியன் தன் பொற்கதிர்களை..." (வேண்டாம். வயிற்றுக்கும் சூரியனுக்கும் என்ன சம்பந்தம்?)

அடுத்தது: "சவரிநாதன் துறைமுகத்தில் கரி சுமப்பவன். அவசரமாக விழுங்கி விழுங்கி ஓயாத வயிற்றுவலி. இன்னொரு தரம் சுருண்டு விழுந்தால் மேஸ்திரி ஆளை மாற்றிவிடுவார்." இது இருக்கட்டும். [ஏன் அவசரம் என்று காரியதரிசி கேட்கவில்லை. நானும் சும்மா இருந்திருக்கலாம்.]

3

கேட்டுத் தொலைத்தேன். கரி சுமப்பவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்றையெல்லாம் ஒரே அன்னக்கூடையில் கொட்டிச் சுற்றி உட்கார்வார்கள். வேகமாக விழுங்குகிறவனுக்குத்தான் வயிறு நிறையும். சாப்பாட்டு நேரம் முடிந்து சங்கு ஊதியதும் எழாதவனுக்கு வேலை போய்விடும்.

சவரிநாதன் என் நீதியை நம்பி மென்றான். நாலு கவளம் இறங்குவதற்குள் கூடை காலி.

"இன்னா மாமு, மாடு மாரி அசை போட்டுகினு கீற?" என்றான் கூட்டாளி வேலப்பன்.

"மென்னு துன்னா வலி வராதாம். கத எழுதறவரு சொல்றாரு."

"சொல்லுவாரு. அவருக்கு இன்னா, சங்கா ஊதுது?"

பசியில் அன்று சவரிநாதனால் பாதிச் சுமைகூடத் தூக்க முடியவில்லை. என் பேச்சைக் கேட்டால் பட்டினி, கேட்காவிட்டால் வலி. எப்படியும் வேலை போகும். ஆரோக்கியம் என்பது இதுதான் போலிருக்கிறது.

* தண்ணீர் காய்ச்சும் நீதி என்ன ஆயிற்று? துறைமுகம் பூராவும் கரிதான். அடுப்புக்கு ஒரு துண்டு எடுத்தால் திருட்டு. ஆகையால் விட்டுவிட்டேன்.

4

முடிவு ஒன்று: சவரிநாதன் குணமாகிக் காரியதரிசியைக் கும்பிடுகிறான். (எழுதக் கை கூசுகிறது.)

முடிவு இரண்டு: காசிமேட்டுக் கல்லறை. (அடித்துவிட்டேன். அவன் மனைவி சிலுவையம்மாள் முகத்தில் எப்படி விழிப்பேன்?)

மூன்றாவதை நான் யோசிக்கவில்லை. மறுநாள் வேலப்பன் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"இன்னிக்கு அல்லாரும் மென்னுதான் துன்றோம். ஒருத்தனும் முழுங்கக் கூடாது."

மென்றார்கள், பல் போன கிழவர்கூட. சங்கு ஊதியது. கூடையில் பாதிச் சோறு இருந்தது. ஒருவரும் எழவில்லை.

5

இதுவரை எழுதியதைப் படித்ததும் காரியதரிசிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"நான் கேட்டது ஜீரணக் கதை ஐயா. இது வேலைநிறுத்தம் மாதிரி இருக்கிறதே. எல்லாரையும் எழுப்பி அனுப்பிவிடுங்கள்."

எனக்கு மனசு வரவில்லை. சங்கு மறுபடி ஊதுகிறது. மேஸ்திரி வந்துகொண்டிருக்கிறார். சவரிநாதன் வாயில் சோறு இருக்கிறது. வாசகரே, வேண்டுமானால் நீங்கள் போய், சோற்றை விழுங்கிவிட்டு எழும்படி அவனிடம் சொல்லுங்கள்.