குதிப்பில் தாமதம்

ஏஞ்சலா விளையாட்டு விமர்சனம் எழுத உட்கார்ந்தால் பக்கத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்வாள். மேலே நிறைகள், கீழே குறைகள். முகதாட்சண்யம் பார்க்காத ஆள் என்று அவளுடைய வலைப்பக்கத்துக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆகவே, சொந்தத் தம்பி ரபேல் நான்கு வருடமாகச் செய்த கைப்பேசி விளையாட்டு கைக்கு வந்தபோதும் நடுவில் கோட்டைப் போட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தாள்.

ரபேல் பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். அவன் செய்தது பழைய காலத்துப் பாணி விளையாட்டு: கட்டம் கட்டமான படம், பதினாறே வண்ணம், கீங் கீங் என்று இசை. மெர்சிங் படகுத்துறையில் ஒரு மீனவர் ஐஸ் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு படகுக்குப் படகு தாவி, ஐஸ் உருகுவதற்குள் கரை சேர வேண்டும். கோலாலம்பூரில் ஒரு போட்டி. வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குள் அனுப்ப வேண்டும். தேர்வானால் விளையாட்டு செய்யும் வேலையே கிடைக்கும், ஷிப்டுக்கு முழுக்குப் போட்டுவிடலாம். அதற்கு முன் அக்கா என்ன சொல்கிறாள் என்று தெரிய வேண்டும் என்றான்.

பெர்மாஸ் ஜெயாவில் இருவரும் இருக்கும் வீட்டின் சோபாவில் சாய்ந்துகொண்டு இரண்டு மாலை ஆடினாள். படகுகள் அலையில் அசைவது அழகு. ஐஸ் உருக உருகப் பெட்டி லேசாகி, மீனவர் இன்னும் உயரமாகத் தாவுவது நல்ல மூளை. இவை நிறைகள். குறைகள்: விளையாட்டின் ஒவ்வொரு கட்டமும் சூடு பிடிப்பதற்குள் முடிந்துவிடுகிறது. கடைசிக் கட்டத்தில் கறுப்புத் தண்ணீரில் கறுப்புப் படகு, கண்ணுக்கே தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பொத்தானை அழுத்தினால் மீனவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் குதிக்கிறார். குதிக்கும் விளையாட்டில் குதிப்பே சரியில்லை என்றால் மிச்சத்தைப் பேசி என்ன பயன் என்று எழுதி முடித்தாள்.

புதன்கிழமை அதை அவனிடம் காட்டினாள். இரண்டு தடவை படித்தான். எனக்குச் சரியாகத்தானே இருக்கிறது என்று முணுமுணுத்தான். பிறகு, போட்டிக்கு அனுப்பப் போவதில்லை என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனான். ஏஞ்சலாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஒரு வரியைக்கூட அழிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவள் கார் கிளம்ப மறுத்தது. அவள் அலுவலகமும் பாசிர் கூடாங்கில்தான். தன் தொழிற்சாலை பஸ்ஸிலேயே வரச் சொன்னான் ரபேல். லாரிகள் உழுதுபோட்ட சாலையில் பஸ் குதித்துக் குதித்துப் போனது. முன் இருக்கையில் இருந்தவர் கைப்பேசியில் மீனவர் தாவிக்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கையிலும் அதேதான்; கூட வேலை செய்பவர்களுக்கு ரபேல் கொடுத்து வைத்திருந்தான்.

வீம்புக்குத் தானும் திறந்தாள். பஸ் தூக்கிப் போட்டதில் விரல் தெரியாமல் பொத்தானில் பட்டது, மீனவர் அசையவில்லை. அழுத்திப் பிடித்த பிறகே தாவினார், கச்சிதமாக. கட்டம் முடியவும் பஸ் அடுத்த நிறுத்தத்தில் நிற்கவும் சரியாக இருந்தது. அடுத்த கட்டமும் அப்படியே.

"இத வீட்டுல ஒரு தடவையாச்சும் ஆடிப் பார்த்தியாடா?"

"வீட்டுல எங்கக்கா? வந்தா குளிச்சிட்டுத் தூங்கிடுறேன்லா. செஞ்சது, ஆடிப் பார்த்தது எல்லாம் இந்த சீட்டுலதான்."

ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவளுக்கு இது தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

"இன்னிக்கி அனுப்புடா. ஆரம்பத்துலயே ஆடுறவங்கள வீடா பஸ்ஸான்னு கேக்குற மாதிரி வச்சிடு. வீட்டுல ஆடுறவங்களுக்கு எவ்வளவு சீக்கிரம் குதிக்கணும்னு நான் சொல்றேன்."

அன்று மாலை ஷிப்ட் முடிந்து வந்தவன் குளிக்காமலேயே சோபாவில் உட்கார்ந்தான். அவள் ஆடினாள், அவன் திருத்தினான். ஒன்பதரைக்கு அனுப்பிவிட்டுக் குளிக்கப் போனான்.

அவள் விமர்சனத்தைத் திறந்தாள். கறுப்புப் படகை அப்படியே விட்டாள். அது பஸ்ஸிலும் தெரியவில்லை. மற்ற இரண்டு குறைகளையும் மேலே, நிறைகளில் ஏற்றினாள். கீழே காலியான இடத்தில் ஒரு வரி எழுதினாள்: இதை எழுதியவர் நான்கு வருடத்தில் இன்றைக்கு முன் ஒரு தடவைகூடத் தம்பியோடு அந்த பஸ்ஸில் போனதில்லை.