வெள்ளை வட்டம்

மேலாளர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாலே அண்ணியின் கையில் மவுஸ் வேகமெடுக்கும். எந்த வேலையைக் கொடுத்தாலும் அது நேற்றே முடிந்திருக்க வேண்டும் என்பார். அதனால் தொழிற்சாலையில் அவருக்கு நேத்து சார் என்று பெயர். போர்டைப் பொருத்துகிற பெட்டியை வாடிக்கையாளர் மாற்றிவிட்டார் என்று அன்று வந்து சொன்னார். புதுப் பெட்டியில் சர்க்யூட் போர்டை மூலைகளில் மட்டும் இறுக்கினால் நிற்காது. நடுவிலும் இரண்டு ஸ்க்ரூ வேண்டும். அதற்கு இரண்டு துளைகளைப் படத்தில் சேர்க்க வேண்டும்.

மாடி அறையில் உட்கார்ந்து போர்டுகளை வரைவது அண்ணியின் வேலை. கீழ்த்தளத்தில் அவற்றுக்குப் பற்றவைப்பு வேலை பார்த்தவர்களில் ஒருத்தி அவள் கணவனின் தங்கை. நாத்தனார் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, அவளைவிட மூத்தவர்கள்கூட அவளை அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள்.

அண்ணி திரையில் போர்டைப் பெரிதாக்கினாள். எழுத்தும் எண்ணும் வெள்ளை மையில் அச்சாகிற அடுக்கில் இரண்டு வட்டங்கள் போட்டாள். அது அவள் வழக்கம். முதலில் வட்டம் போட்டு, இடம் சரிதானா என்று வாடிக்கையாளரைக் கேட்பாள். சரி என்று பதில் வந்ததும் வட்டத்தை அழித்துவிட்டு அங்கே உண்மையான துளையை வைப்பாள். துளையை வைத்தால், போர்டுக்குள் ஒளிந்திருக்கும் செம்புத் தகடுகளை மென்பொருளே சுற்றிலும் விலக்கிவிடும். வட்டத்துக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அது வெறும் மைக்கோடு.

பதில் வந்தபோது அவள் கையில் வேறு இரண்டு வேலைகள் இருந்தன. நேத்து சார் நாற்காலியைப் பிடித்தபடி நின்றார். அவள் அவசரமாகச் சரிபார்க்கக் கொடுத்தாள். பிழை ஏதும் இல்லை என்றது மென்பொருள். மையால் போட்ட வட்டத்தில் அதற்கென்ன பிழை தெரியப்போகிறது? ஃபைலை அனுப்பிவிட்டாள்.

போர்டுகள் தயாராகி வந்தபோது பார்சலைப் பிரித்தது நாத்தனார்தான். ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறி வந்தாள். அண்ணியின் முகத்துக்கு நேரே ட்யூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். மூலைத் துளைகளில் வெளிச்சம் தெரிந்தது. நடுவில் இரண்டு வெள்ளை வட்டங்கள் மட்டும் பளிச்சென்று இருந்தன.

"அண்ணி, இதுல ஓட்டையைக் காணோமே."

வட்டத்தை அழித்துத் துளை வைக்க மறந்தது அண்ணிக்கு அப்போதுதான் தெரிந்தது. யாராவது கண்டுபிடித்துச் சொல்லட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. தானே போய் நேத்து சாரிடம் தவறு தன்னுடையது என்றாள். புதிதாகச் செய்து வாங்கிவிடலாம் என்றாள். அதற்கு நாளாகும், சரக்கு இந்த வாரமே போயாக வேண்டும் என்றார் அவர். வட்டந்தான் இருக்கிறதே, அதன்மேலேயே கையால் துளை போட்டுக்கொள்ளலாம் என்பது அவருடைய யோசனை.

அவள் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். பார்ப்பதற்கு ஒரே பலகைதான். ஆனால் உள்ளே இரண்டு செம்புத் தகடுகள் இருக்கின்றன, ஒன்றில் மின்சாரம் போகிறது. கையால் துளைத்தால் அறுபட்ட செம்பு துளையின் சுவரிலேயே நிற்கும். இரும்பு ஸ்க்ரூவைப் போட்டால் அது இரண்டு தகடுகளையும் சேர்த்துத் தொடும், போர்டு கருகும். துளைத்தே ஆக வேண்டுமென்றால் பிளாஸ்டிக் ஸ்க்ரூதான் போட வேண்டும். நேத்து சார் தலையாட்டினார். வாங்கச் சொல்கிறேன் என்றார்.

துளை போடுவது யார் என்று கேள்வியே எழவில்லை. கீழ்த்தளத்தில் நாத்தனாரின் கையைப் போல நிதானமான கை வேறு கிடையாது. தூள் பறக்கும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். போர்டு கண்ணாடி இழையால் ஆனது. டிரில்லை வைத்ததும் கிளம்பும் தூள் புருவத்திலும் முழங்கையிலும் படிந்து அரித்தது. பார்க்க வந்த அண்ணியிடம், மேலே நீங்கள் விட்டதை இங்கே நான் பிடிக்கிறேன், நல்ல குடும்பம் என்று சிரித்தாள். அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு போர்டாக எடுத்துப் பார்த்தாள். ஒரு துளைகூட வட்டத்தை விட்டு விலகியிருக்கவில்லை.

பிளாஸ்டிக் ஸ்க்ரூ வாங்கப்படவில்லை. அது வேண்டும் என்று வாடிக்கையாளருக்கு யாரும் சொல்லவும் இல்லை. பெட்டியோடு வந்த இரும்பு ஸ்க்ரூக்களையே அவர்கள் போட்டு முடுக்கினார்கள். மின்சாரம் கொடுத்த மாத்திரத்தில் போர்டுகள் கருகின. அண்ணிக்கு இது தெரியவருவதற்குள் நேத்து சார் பதில் அனுப்பிவிட்டிருந்தார். துளை போட்டவளின் கை தவறிவிட்டது, அவளை வேலையிலிருந்து நீக்கியாயிற்று என்று எழுதியிருந்தார்.

அண்ணி கதவைத் தட்டாமலே உள்ளே போனாள். "அவ கை தவறலையே சார். தப்பு என்னோட ஃபைல்ல. பிளாஸ்டிக் ஸ்க்ரூ வாங்கணும்னு அப்பவே சொன்னேனே."

அவர் கோபப்படவில்லை. "டிசைன் தப்புன்னா அவங்க மத்த ஆர்டரையும் பிடுங்கிக்குவாங்கம்மா. கை தப்புன்னா ஒரு ஆளை அனுப்பினதோட முடிஞ்சிடும். உன் பேரைச் சொன்னா உன்னையும் அனுப்பணும். வீட்ல ஒருத்தராவது சம்பாதிக்க வேணாமா?"

அதை அவர் அக்கறையோடு சொன்னதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வாடிக்கையாளருக்கு நானே எழுதிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். படிக்கட்டின் அடியில் நாத்தனார் பையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். மேலே பேசியது முழுக்க அவள் காதில் விழுந்திருந்தது.

"எழுதாதீங்க அண்ணி. ரெண்டு பேரும் வீட்ல உட்கார்ந்துட்டா அண்ணனுக்கு வைத்தியம் யார் பார்க்கிறது? எனக்கு எங்கயாவது கிடைக்கும்."

கிடைக்காது என்று இருவருக்குமே தெரியும். இந்தத் தொழிலில் மேலாளர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் பழக்கம். அவள் அடுத்த வாசலில் போய் நிற்பதற்குள், கை தவறியவள் என்ற பேச்சு அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

அண்ணி எழுதவில்லை. மேலே போய் ஃபைலைத் திறந்தாள். வட்டங்களை அழித்துவிட்டு, அதே இடத்தில் இரண்டு துளைகளை வைத்தாள். செம்பு தானாக விலகி வழிவிட்டது. ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரங்கூட ஆகவில்லை. திரைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதாள்.

வீட்டில், இடுப்பு விழுந்து வெகுநாளாகப் படுத்திருக்கும் அண்ணனுக்கு விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேலை போனது என்பதைவிட, எதனால் போனது என்பதுதான் அவனுக்கு உறைத்தது.

"உங்கண்ணி எத்தனை பேர்கிட்ட சொல்லி உன்னை உள்ள சேர்த்துவிட்டா. அவ முகத்துல கரியைப் பூசிட்டு வந்து நிக்கிறியே."

"ஏங்க, அது வந்து..." என்று அண்ணி வாயெடுத்தாள்.

"கை தவறிடுச்சுண்ணே" என்றாள் நாத்தனார்.

 அண்ணி நாத்தனாரின் வலது கையைப் பிடித்து விளக்கடிக்கு இழுத்தாள். ஆள்காட்டி விரல் கண்ணாடி இழைகள் ஏறிச் சிவந்து வீங்கியிருந்தது. ஊசியால் ஒன்றை எடுக்கப் பார்த்தாள். இழை கண்ணுக்குத் தெரிந்தது, ஊசிமுனைதான் அங்கே போய் நிற்க மறுத்தது. இரண்டு முறை வேறிடத்தில் குத்தி ரத்தம் வந்துவிட்டது.

நாத்தனார் ஊசியை வாங்கிக்கொண்டாள். இடது கையால் அதைப் பிடித்து, மூச்சை அடக்கி, ஒரே நெம்பில் இழையை வெளியே எடுத்துப் போட்டாள்.

"இப்படிக் கை நிதானம் இல்லாதவளை இனிமே எவன் வேலைக்கு வச்சுக்குவான்?" என்று அண்ணன் சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அவள் விரலைத் துடைத்துவிட்டு, அடுத்த இழையில் ஊசியை வைத்தாள்.