கூரையில் படிந்த கரி

தாசில்தார் வருகிறார் என்று தெரிந்ததிலிருந்து செல்லதுரைக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாய்க்காலுக்கும் குடிசைக்குமாக நடந்தான். வேட்டியை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினான். குடியிருப்பவனுக்கே மனை சொந்தம் என்று புதுச் சட்டம் வந்துவிட்டது. வந்து என்ன? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. அது என் மாட்டுக் கொட்டகை, அங்கே யாரும் குடியில்லை என்று மிராசுதார் மனுப் போட்டிருந்தார். அதை நேரில் பார்த்து முடிவு சொல்லத்தான் தாசில்தார் வருகிறார்.

தாசில்தார் வருவதற்கு முந்தின நாள் மிராசுதாரின் காரியக்காரர் பஞ்சநதம், பூவரச மரத்தடியில் எரிந்த அடுப்பைப் பார்த்துச் சிரித்தார்.

"உள்ள அடுப்பு எரிஞ்சாத்தான்டா வீடு. வெளிய ஆக்கித் தின்னா, கொட்டகைன்னுதான எழுதுவாங்க?"

அடுப்பு மரத்தடிக்கு வந்ததே அவன் மனைவி கண்ணாத்தாளுக்காகத்தான். பீடியைத் தொட்டறியாதவள், நாலு எட்டு நடந்தால் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கினாள். கும்பகோணத்து டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். "சன்னல் இல்லாத குடிசைல வறட்டிப் புகை. நுரையீரல் கெட்டது கெட்டதுதாம்மா, திரும்பாது. மிச்சத்தையாவது காப்பாத்திக்க, புகைகிட்டப் போகாத" என்றார். வெளியே சமைக்கத் தொடங்கிய பிறகுதான் அவள் படுத்துத் தூங்கினாள்.

ஆனாலும் பஞ்சநதத்தின் பேச்சு அவனை விடவில்லை. விடிந்ததும் மரத்தடி அடுப்பை மண்வெட்டியால் உடைத்து வாய்க்காலில் தள்ளினான்.

"இன்னிக்கு மட்டும் உள்ள பத்த வையி கண்ணாத்தா. மனை நம்ம பேருக்கு வந்துரட்டும்."

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். குனிந்து உள்ளே போனாள்.

மழையில் நமுத்த வறட்டி எரிந்ததைவிடப் புகைந்ததுதான் அதிகம். காலையிலேயே வருவதாகச் சொன்ன ஜீப்பை உச்சிவேளை தாண்டியும் காணோம். உள்ளே ஊதுகுழல் சத்தம், இருமல், மறுபடி ஊதுகுழல்.

"அணைச்சிடவாங்க?"

"செத்த பொறு" என்றான். சொன்ன நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது அவனுக்கு. அப்படியும் அணைக்கச் சொல்ல மனம் வரவில்லை.

ஒருவழியாக ஜீப் வந்தது. தாசில்தார் உள்ளே போன வேகத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"எல்லாம் நாடகம்ங்க" என்றார் பஞ்சநதம். "உள்ள அடுப்புப் பத்த வச்சதே இன்னிக்குத்தான்."

"அடுப்பை யாருய்யா பாத்தா?" என்றார் தாசில்தார். "கூரையைப் பாருங்க. மூங்கில் தெரியாமக் கரி தொங்குது. ஒரு நாள்லயா இது படியும்? வருசக் கணக்கா சமைச்ச புகை. இது குடிசைதான், இவங்க குடிதான்."

செல்லதுரை கும்பிட்டான். கும்பிட்ட கை இறங்கவில்லை. அடுப்புக் குளிர்ந்து கிடந்திருந்தாலும் மனை கிடைத்திருக்கும். இன்றைய புகைக்கு வேலையே இல்லை.

கண்ணாத்தாள் வாசல் நிலையைப் பிடித்தபடி வெளியே வந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"மனை நம்மளுதுதான் புள்ள" என்றான். சொல்லவே வெட்கமாக இருந்தது.

அவள் மூச்சை எட்டிப் பிடித்தாள். "அப்ப... அடுப்பைத் திரும்பக் கட்டுங்க."

ஜீப் கிளம்புவதைக்கூடப் பார்க்காமல் அவன் களிமண்ணுக்கு வாய்க்காலில் இறங்கினான். இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் கரையில் போட்டான். முதுகுக்குப் பின்னால் இருமல் நிற்கவே இல்லை.