கவிதாவின் பங்கு

பணத்தைக் கட்டிக் காப்பது எப்படி என்று தமயந்தியிடம்தான் பாடம் கேட்க வேண்டும். கனகம்மாசத்திரத்துப் பக்கம் ரோடு அகலப்படுத்த நிலம் போய், நஷ்டஈடு கோடிக்கு மேல் வந்தபோது ஊரே ஆடிப்போயிற்று. பக்கத்து நிலத்து வரதராஜன் கார் வாங்கினான், வீட்டு வாசலில் வளைவு கட்டினான். இப்போது கார் போய்விட்டது, வளைவு மட்டும் நிற்கிறது. தமயந்தி அப்படியா? புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாய்க் கரும்பும் நெல்லும் போட்டவள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிறவள்.

நெல்லைப் பிரிக்கிற மாதிரியே பணத்தையும் பிரித்தாள். தின்ன ஒரு பங்கு, விதைக்கு ஒரு பங்கு. தின்கிற பங்கு பேங்க் டெபாசிட்டுக்கும், திருத்தணி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வாங்கிய கடைகளுக்கும் போயிற்று. வட்டியும் வாடகையும் மாசம் தவறாது. விதைப் பங்கைப் பேரப்பிள்ளைகள் பேரில் மியூச்சுவல் ஃபண்டில் போட்டு, யாரும் தொடக் கூடாது என்றுவிட்டாள். விதை நெல்லைத் தின்கிற வீடு உருப்படுமா?

"வட்டி, வாடகைப் பணத்துல அவங்கவங்க பங்கு உங்க பையன், பொண்ணு கணக்குக்கு ஒண்ணாந்தேதியானா தானா போயிடும்மா. யாரும் அலைய வேணாம்" என்றாள் பேங்க் ஆபீசர் பிரபாவதி. தமயந்திக்குப் பெருமை தாங்கவில்லை.

அங்கேதான் பிசகியது. நிலம் இருந்தவரை அறுப்புக்கு அறுப்பு அம்பத்தூரிலிருந்து மகன் அருண்பாண்டியனும் சித்தூரிலிருந்து மகள் கவிதாவும் வந்தே ஆக வேண்டும். மூட்டையை லாரியில் ஏற்றி அனுப்புகிற பழக்கம் அந்த வீட்டில் கிடையாது. பிள்ளைகள் களத்தில் நின்று, புது அரிசி பொங்கித் தின்றுவிட்டுத்தான் தங்கள் பங்கைத் தூக்கிப் போக வேண்டும். இப்போது பணம் தானாகப் போயிற்று. பிள்ளைகள் தானாக வருவார்களா? திருத்தணி மலையடிவாரத்தில் கட்டிய புது வீட்டில் தமயந்தி டி.வி.யைச் சத்தமாக வைத்துக்கொண்டு சாப்பிட்டாள், ஒரு பேச்சுக் குரலாவது கேட்கட்டுமே என்று. பாவம்.

ஆடிக்கிருத்திகைக்குக் கூப்பிட்டாள். "கூட்டமா இருக்கும்மா" என்றான் மகன். "மாமியாரு இடுப்பு முறிஞ்சி கெடக்குது, எப்படிம்மா வுட்டுட்டு வர்றது?" என்றாள் மகள். ஊரெல்லாம் காவடி, அரோகரா. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லோருக்கும் சேர்த்து வடித்த சோற்றின் முன்னால் தமயந்தி தனியாக உட்கார்ந்து அழுதாள்.

மறுநாளே பேங்க்குக்குப் போனாள். "அந்தத் தானா போறத நிறுத்துமா."

ஒன்றாந்தேதி மகன் போன் செய்தான். "யம்மா, பணம் ஏறலையே! யாராச்சும் உன்ன ஏமாத்திட்டானா?"

"தங்கச்சியயும் இட்டுகினு நேர்ல வா, சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் வந்தார்கள். அடேயப்பா, அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! கறிக்குழம்பு, வடை, பாயசம். இலை முன் உட்கார்ந்ததும் அருண்பாண்டியன் கேட்டான்: "இன்னாம்மா ஆச்சி? எவ்ளோ போச்சி?"

"ஒண்ணும் போவல. நான்தான் நிறுத்தினேன். இனிமே மாசாமாசம் வந்து கையில வாங்கிகினு போங்க. அப்பவாச்சும் உங்க மூஞ்சியப் பாக்கலாம்ல?"

மகன் சிரித்துவிட்டான். "அவ்ளோதானா? பயந்தே பூட்டேன்." சோற்றைப் பிசைந்தான். கவிதா பிசையவில்லை.

"யாரோ ஏமாத்திட்டாங்கன்னு அண்ணன் சொல்லிச்சி. மாமியார பக்கத்து வூட்ல ஒப்படைச்சிட்டு, உனக்கு இன்னா ஆச்சோன்னு பஸ்சுல அழுதுகினே வந்தேன்மா. நீ காசக் காட்டிக் கூப்ட்டியா?"

"கிருத்திகைக்குக் கூப்ட்டப்ப வர்லியே நீ."

"அன்னிக்கு முடியல. இனிமே எப்ப வந்தாலும் காசுக்குதான் வந்தேன்னு நெனப்ப? என் பங்கு எனக்கு வேணாம். நான் வர்ல." சாப்பிடாமலே எழுந்துவிட்டாள்.

பஸ் ஸ்டாண்டு வரை தமயந்தி பின்னாலேயே ஓடினாள், கெஞ்சினாள். தாயைப் போல பிள்ளை, அதே பிடிவாதம். பஸ் கிளம்பியும் கவிதா திரும்பிப் பார்க்கவில்லை.

அருண்பாண்டியன் அம்மா சொன்னபடியே தவறாமல் மாசாமாசம் வருகிறான். வாசலில் ஆட்டோ நிற்கும். "குடும்மா, டிரெயினு பூடும்." அவள் போட்ட காபி அடுப்பங்கரையிலேயே ஆறும்.

கவிதாவின் பங்கு தனி டெபாசிட்டாகக் கிடக்கிறது. பொங்கல் கழித்து தமயந்தி பேங்க்குக்குப் போனபோது பிரபாவதி சந்தோஷமாகச் சொன்னாள்: "பொண்ணு பங்குல வட்டி மேல வட்டி ஏறி நல்லா வளந்துகினு வருதும்மா. இப்படியே தொடாம இருந்தா பத்து வருஷத்துல ரெட்டிப்பாயிடும்."

"இன்னும் பத்து வருசமா?" என்றாள் தமயந்தி. வரிசையில் நின்றவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் அங்கேயே அழுதாள்.